சங்கு, சக்கரம், 48 குழாய்கள்



தலைப்பைப் பார்த்துவிட்டு தீபாவளி மேட்டர் என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இது குழாய் வளைக்கிற மெஷினைப் பற்றியது. ஓடிவிடாதீர்கள், பத்து நிமிஷம் பொறுங்கள். பி.காம் படிக்கிற பிள்ளைக்கு மெஷினோடு என்ன பேச்சு என்று எங்கள் வகுப்பிலேயே கேட்டார்கள். சுற்றிச் சுற்றி இது பற்று வரவில்தான் வந்து நிற்கிறது. அதனால் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு :)

போன செமஸ்டர் லீவில் கோவையில் பெரியம்மா மகன் அண்ணன் வீட்டில் இருபது நாள் இருந்தேன். அண்ணன் வேலை பார்க்கும் பட்டறையில் (பெயர் வேண்டாம்) பில் போடும் அக்கா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். "உனக்கு டேலி தெரியும்ல பாப்பா, சும்மாதான இருக்க, வந்து என்ட்ரி போடு" என்று அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் கோப்பில் ஒரு டெபிட் நோட் கையில் சிக்கியது. குழாய் 48, ஒன்று 650 ரூபாய் வீதம் 31,200 ரூபாய். காரணம் என்ற கட்டத்தில் இரண்டே வார்த்தை: 'ஆப்போசிட் ஹேண்ட்'. அதற்குப் பின்னால் முதலாளி கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. பாதி கம்பெனிக்கு, பாதி ஆபரேட்டருக்கு, மாதம் 1,300 வீதம் 12 மாதம் பிடித்தம்.

அந்த ஆபரேட்டர் எங்கள் அண்ணன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணிக்குக்கூட. கேட்டதற்கு, "ரொட்டேஷன் மாறிப்போச்சு பாப்பா, ப்ளஸ்ஸு மைனஸ் ஆயிருச்சு, விடு" என்றார். விடவா முடியும்? நான் படிப்பதே ப்ளஸ் மைனஸ்தானே.

அண்ணன் கோவைக்குப் போன கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அச்சங்குளம். எங்கள் பக்கம் பட்டாசு வேலைதான் வேலை. பெரியம்மாவும் பல வருஷம் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தார். 2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் ஊர் ஆலையில் நடந்த வெடிவிபத்தைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா தானும் போகவில்லை, வீட்டில் ஒருவரையும் போக விடவில்லை. ஐடிஐ முடித்துவிட்டு ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்த அண்ணனைப் பஸ் ஏற்றிவிட்டார். கைகால் முழுசாகத் திரும்பி வரக்கூடிய வேலை என்பதுதான் பெரியம்மா கேட்ட ஒரே தகுதி. அந்த வேலையில் மாதம் 1,300 போவது பெரிய விஷயமா என்று நினைக்கலாம். பெரியம்மாவுக்கு அனுப்புகிற பணத்தில்தான் அது குறையும்.

சரி, மெஷினுக்கு வருவோம்.

பைக்கின் சைலன்சர் குழாய், பஸ்ஸில் நாம் பிடித்துக்கொண்டு தொங்கும் கம்பி, திருச்சி பெல் ஆலையில் பாய்லருக்குள் போகும் குழாய் எல்லாமே ஏதோ ஒரு மெஷினில் வளைந்து வந்தவைதான். கம்ப்யூட்டர் வைத்த மெஷினுக்குத் தெரிந்த வேலை மூன்றே மூன்று. குழாயின் பின்முனையை 'கோலெட்' என்ற ஒரு பிடி இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடி குழாயை முன்னால் தள்ளும். அடுத்து, குழாயை நின்ற இடத்திலேயே, அடுப்பில் சோளக்கதிரைத் திருப்பிவிடுவது மாதிரி, உருட்டும். மூன்றாவது, முன்னால் இருக்கிற உருண்டையான 'டை'யைச் சுற்றி ஒரு கை குழாயை இழுத்து வளைக்கும். தள்ளு, உருட்டு, வளை. எவ்வளவு சிக்கலான குழாயாக இருந்தாலும் இந்த மூன்றின் வரிசைதான்.

அதனால் ஒரு குழாயின் ஜாதகம் மொத்தமும் மூன்று பத்தி உள்ள ஒரு அட்டவணையில் அடங்கிவிடும். நீளம், சுழற்சி, கோணம். சிலர் இதை எல்.ஆர்.ஏ என்கிறார்கள். மெஷின் திரையில் ஒய், பி, சி என்று வரும். நீளத்தில் குழப்பம் இல்லை, மில்லிமீட்டர். கோணத்திலும் இல்லை. வளைத்த கையை எடுத்ததும் குழாய் கொஞ்சம் பின்வாங்கும். அதற்காக இரண்டு மூன்று பாகை கூட்டி வளைப்பார்கள், அவ்வளவுதான். வம்பு எல்லாம் நடுவில் இருக்கிற சுழற்சியில். அங்கே 90 என்று இருந்தால் எந்தப் பக்கமாக 90?

கற்பனையில் என்னோடு வாருங்கள். கோலெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு டை இருக்கிற பக்கம் பார்க்கிறீர்கள். முதல் வளைவு முடிந்துவிட்டது. குழாயின் முன்பாகம் உங்கள் வலப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அண்ணன் இதைக் 'கால்' என்பார். இப்போது குழாயைக் கடிகார முள் போகிற திசையில் 90 பாகை உருட்டினால், மூன்று மணியில் இருந்த கால் ஆறு மணிக்கு வரும், அதாவது தரையைப் பார்க்கும். எதிர்த்திசையில் உருட்டினால் பன்னிரண்டுக்குப் போகும், கூரையைப் பார்க்கும். அதன்பின் இரண்டாவது வளைவு மறுபடி வலப்பக்கம். இந்த இரண்டு குழாய்களும் நம் இரண்டு கைகள் மாதிரி. ஒன்றின் கண்ணாடி பிம்பம் மற்றது. வலது கால் செருப்பை எப்படித் திருப்பிப் போட்டாலும் இடது காலுக்கு ஆகாது.

இப்போது உங்கள் தோழி ஒருத்தி எதிரே, டை பக்கம் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கால் தரைக்கு இறங்கும் அதே அசைவு அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு அந்தக் கால் இடப்பக்கம், ஒன்பது மணியில் இருக்கிறது. அங்கிருந்து ஆறுக்கு வருகிறது. அவள் 'எதிர்த்திசை' என்பாள். நீங்கள் 'கடிகாரத் திசை' என்பீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. குழாய் ஒன்றுதான், அசைவும் ஒன்றுதான்.

பட்டறையில் நடந்தது இவ்வளவுதான். குழாய் கொடுத்த கம்பெனி தன்னிடம் இருக்கிற மெஷினுக்குப் போட்டு வைத்திருந்த அட்டவணையை வாட்சப்பில் அனுப்பியது. அவர்கள் மெஷின் வேறு தயாரிப்பு. அதற்கு டை பக்கம் நின்று பார்க்கும் கடிகாரத் திசை ப்ளஸ். அண்ணன் மெஷினுக்குக் கோலெட் பக்கம் நின்று பார்க்கும் கடிகாரத் திசை ப்ளஸ். அட்டவணையில் எங்கே நின்று பார்ப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. வந்த எண்ணை வந்தபடியே அண்ணன் ஏற்றினார்.

"முதல் குழாயை அளந்து பார்க்கலையாண்ணே?" என்று கேட்டேன். அளந்திருக்கிறார். நீளம் சரி. கோணம் சரி. ஒரு வளைவுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதும் சரி. இதைக் கேட்டுத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி பிம்பத்தில் ஒரு அளவும் மாறாது. டேப்புக்கும் கோணமானிக்கும் இடது வலது தெரியாது. 48 குழாயையும் கூட்டிக் கழித்துச் சரிபார்த்தாலும் எல்லாம் டேலி ஆகும், குழாய் மட்டும் வண்டியில் உட்காராது. உட்கார்கிறதா என்று வைத்துப் பார்க்கிற ஃபிக்ஸ்சர் அந்தக் கம்பெனியில் இருந்தது. பட்டறைக்குக் கொடுக்கவில்லை.

ஏன் எல்லாரும் சேர்ந்து ஒரே திசையை வைத்துக்கொள்ளக்கூடாது? நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், உலகத்தில் எங்கேயும் அப்படி இல்லை. கணக்கு வகுப்பில் கோணத்தை இடஞ்சுழியாக அளந்தால் ப்ளஸ். அதே பள்ளியில் புவியியல் டீச்சர் திசைகாட்டியை எடுத்தால் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுவார், கிழக்கு 90. இரண்டு வகுப்பும் பக்கத்துப் பக்கத்து அறை! வலம்புரி விநாயகரை எடுத்துக்கொள்ளுங்கள். தும்பிக்கை வலப்பக்கம் என்றால் அது அவருடைய வலம். கும்பிட்டுக்கொண்டு எதிரே நிற்கிற நமக்கு அது இடப்பக்கம். சாமிக்கு அவர் பக்கத்திலிருந்து சொல்கிறோம், அதை ஒருவரும் குழப்பிக்கொள்வதில்லை, ஏனென்றால் அங்கே எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் வலக்கை விதி என்று ஒன்று சொல்வார்கள். வலது கையின் கட்டைவிரலை அச்சு போகிற பக்கம் நீட்டு, மற்ற விரல்கள் மடங்குகிற திசை ப்ளஸ். அழகான விதி. கட்டைவிரல் உங்களை விட்டு விலகிப் போனால் விரல்கள் வலஞ்சுழியாக மடங்குவது தெரியும். உங்களைப் பார்த்து வந்தால் இடஞ்சுழி. செய்து பாருங்கள். ஆனால் இந்த விதி சண்டையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. கட்டைவிரலை டை பக்கம் நீட்டுவதா, கோலெட் பக்கம் நீட்டுவதா? அதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சரக்குக்கு வருகிறேன். தலைப்புக்கு நியாயம் செய்ய வேண்டாமா.

சங்குசக்கரம் எல்லாரும் விட்டிருப்பீர்கள். மருந்து அடைத்த காகிதக் குழலைத் தட்டையாகச் சுருட்டியிருக்கும். நெருப்பு ஒரு பக்கம் பாய, சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். மேலே இருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றுகிற ஒரு சக்கரத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்துப் பற்றவைத்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். தட்டையான சுருளுக்குத் தனக்கென்று இடமோ வலமோ கிடையாது. கவிழ்த்தால் மாறிவிடும்.

சங்கு அப்படி இல்லை. அது மேலே ஏறிக்கொண்டே சுற்றுகிறது, மரை மாதிரி. ஒரு போல்ட்டை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலது மரை வலது மரைதான். தலைகீழாகப் பிடித்தால் இடது மரை ஆகிவிடாது. சைக்கிளின் இடது பெடல் மட்டும் இடது மரை. சைக்கிள் கடைக்காரரிடம் சாதா பெடலைக் கொடுத்து இடப்பக்கம் மாட்டச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

குழாயிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. எல்லா வளைவும் ஒரே தளத்தில் இருந்தால், அதாவது சுழற்சிப் பத்தி முழுக்க 0 அல்லது 180 என்று இருந்தால், அது சக்கரம். ப்ளஸ்ஸோ மைனஸோ ஒன்றும் ஆகாது. அப்படியே திரும்பினாலும் கவிழ்த்துப் பொருத்திவிடலாம். இடையில் ஒரு 90, ஒரு 35 வந்துவிட்டால் அநேகமாகச் சங்கு. குறி மாறினால் காயலான் கடைதான். அண்ணன் அந்தப் பட்டறையில் ஒன்றரை வருஷமாக வளைத்தது எல்லாம் தட்டைக் குழாய்கள், ஜன்னல் கம்பி மாதிரி சமாச்சாரங்கள். அதனால் குறி மாறியிருந்தாலும் அதுவரை தெரிய வழியே இல்லை. மாட்டிக்கொண்டது முதல் சங்கில்.

சங்கு என்றதும் ஒரு சுவாரசியம், கொஞ்சம் விலகிப் போகிறேன். மன்னார் வளைகுடாவில், நம் தூத்துக்குடி பக்கம் எடுக்கிற பூஜைச் சங்குக்கு விஞ்ஞானப் பெயர் டர்பினெல்லா பைரம். சாதாரணமாகக் கிடைப்பது எல்லாம் இடம்புரி. எப்போதாவது ஒன்று வலம்புரி. அதற்குத்தான் விலையும் மரியாதையும். ஆனால் உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் நேர் எதிராக இருக்கும். சாதாரணச் சங்கை அவர்கள் வலச்சுருள் என்பார்கள், நம் வலம்புரியை இடச்சுருள் என்பார்கள். யாருக்கும் கண் கெட்டுப் போகவில்லை. அவர்கள் ஊதுகிற முனையை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்து, வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் வழக்கத்தில் ஊதுகிற முனை கீழே. சங்கைத் தலைகீழாகப் பிடித்தால் வாய் மறுபக்கத்துக்குப் போய்விடும், பெயரும் மாறிவிடும். சங்கின் சுருள் மட்டும் மாறாது. பெயர் பிடிக்கிற விதத்தில் இருக்கிறது, சுருள் சங்கில் இருக்கிறது. (அமெரிக்கக் கடலோரத்தில் வேறு ஒரு இனம் இருக்கிறது, அது பிறப்பிலேயே இந்தப் பக்கம்தான் சுருளும். அதைக் கொண்டுவந்து இங்கே வலம்புரி என்று விற்கிற பிழைப்பும் நடக்கிறது. ஜாக்கிரதை.)

இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. அண்ணனின் அட்டவணையில் இருந்த ப்ளஸ் என்பது சங்கின் சுருள் அல்ல, சங்கின் பெயர்.

அப்போ குழாயின் சுருளையே எழுதிவிட்டால்? முடியும். ஒரு வழி, ஒவ்வொரு முக்கின் இடத்தையும் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண்ணாகக் கொடுத்துவிடுவது. அதிலிருந்து சுழற்சியை எந்தப் பக்கம் எண்ணுவது என்பது அந்தந்த மெஷினின் சாஃப்ட்வேர் பாடு. எக்ஸ், ஒய், இசட் அச்சுகளை வலக்கை விதிப்படி வைப்பதில் மட்டும் எல்லாரும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறார்கள். இரண்டாவது வழி, அட்டவணையோடு ஒரு படம். சாய்வாகப் பார்த்த படம் ஒன்று இருந்தாலே 48 குழாய் பிழைத்திருக்கும். மூன்றாவது, அண்ணன் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது: அடையாளமாக ஒரு வரி. 'இரண்டாம் வளைவுக்கு முன் கால் தரைக்கு' என்று. வலஞ்சுழியும் வேண்டாம், இடஞ்சுழியும் வேண்டாம். வளைக்கிற கை எந்தப் பக்கம் போகும் என்பது கண்ணுக்குத் தெரிந்ததுதான். தரை எல்லாருக்கும் கீழேதான் இருக்கிறது.

அந்த இருபது நாளில் இன்னும் சில குசும்புகள் தெரியவந்தன. குழாயை மறுமுனையிலிருந்து வளைத்தால் (நீளமான கால் தரையில் இடிக்கும் என்றால் அப்படிச் செய்வார்கள்) குறியை மாற்ற வேண்டும் என்று பட்டறையில் ஒருவர் அடித்துச் சொன்னார். மாற்றக்கூடாது. வரிசைதான் தலைகீழாகும், குறி அப்படியே இருக்கும். காரணம் மேலே சொன்ன போல்ட்தான்: எந்த முனையிலிருந்து போனாலும் மரை அதே மரை. வளைக்கிற கை இடப்பக்கம் திரும்பும் மெஷினில் போட்டால் கண்ணாடி பிம்பம் வரும் என்றும் சொன்னார். அதுவும் வராது. உருட்டுகிற திசை அதுவாகவே இருந்தால் குழாயும் அதுவாகவே இருக்கும். நம்பாதவர்கள் கட்டுக்கம்பியை எடுத்து வளைத்துப் பாருங்கள். நான் அண்ணி வீட்டுக் கொடிக்கம்பியில் ஒரு முழம் வெட்டி வளைத்துப் பார்த்துத்தான் நம்பினேன். அப்புறம் ஒரு அட்டவணையில் இருக்கும் 270 இன்னொன்றில் மைனஸ் 90 என்று இருக்கும், இரண்டும் ஒன்று. சிலதில் சுழற்சி முந்தின வளைவிலிருந்து எண்ணியிருக்கும், சிலதில் ஆரம்பத்திலிருந்து மொத்தமாக எண்ணியிருக்கும். அந்தச் சுழற்சி அந்த வரியின் வளைவுக்கு முன்னாலா பின்னாலா என்பதிலும் ஊருக்கு ஒரு வழக்கம். ஆனால் இவையெல்லாம் மாறினால் குழாய் வேறு உருவமாகவே வந்து நிற்கும், பார்த்த உடனே சிரிப்பு வந்துவிடும், ஒரு குழாயோடு நிறுத்திவிடலாம். கண்ணாடி பிம்பம் ஒன்றுதான் சத்தம் போடாமல் 48 வரைக்கும் போகும்.

இனி என் பாடம். பதினோராம் வகுப்பில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் நடத்தியபோது பாதி வகுப்பு அழுதது நினைவிருக்கிறதா? நம் ரொக்க ஏட்டில் வங்கியில் இருக்கும் பணம் பற்று இருப்பு. வங்கி தருகிற செல்லேட்டில் அதே பணம் வரவு இருப்பு. நமக்கு அது சொத்து, வங்கிக்கு அது நமக்குத் தர வேண்டிய கடன். பணம் ஒன்று, குறி இரண்டு. கோலெட் பக்கம் நிற்பவர், டை பக்கம் நிற்பவர். கணக்கியல் இதை எப்படிச் சமாளித்தது? யாருக்கு எந்தக் குறி என்று சண்டை போடவில்லை. ஏட்டின் தலையில் இது யாருடைய ஏடு என்று எழுதச் சொன்னது. 'ரொக்க ஏட்டின்படி இருப்பு', 'செல்லேட்டின்படி இருப்பு'. அந்த 'படி'யை விட்டுவிட்டால் ஒரு மார்க் போச்சு. அண்ணனுக்கு 15,600 போச்சு.

அந்தப் பிடித்தம் சரியா என்று யோசித்தபோதுதான் தொழிற்சட்டப் பாடம் கைகொடுத்தது (செமஸ்டரில் நான் மதிக்காத பேப்பர்). சம்பளத்தில் முதலாளி இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இது உண்டு. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-லும் உண்டு. பொருள் சேதத்துக்காகப் பிடிக்க வேண்டுமானால், அது தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைத்த பொருளாக இருக்க வேண்டும், சேதம் நேரடியாக அவருடைய அலட்சியத்தால் அல்லது தவறுதலால் வந்திருக்க வேண்டும். அதோடு, பிடிப்பதற்கு முன்னால் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அண்ணனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டுச் சீட்டு எழுதினார்கள், குத்தினார்கள், முடிந்தது.

அலட்சியம் என்றால் யாருடைய அலட்சியம்? அட்டவணை அனுப்பியவர் தன் மெஷின் வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைத்தார். வாங்கிய பட்டறை படம் கேட்கவில்லை. ஃபிக்ஸ்சர் கொடுக்கவில்லை. முதல் குழாயை அனுப்பி ஒப்புதல் வாங்கவில்லை. அவசர ஆர்டர் என்றார்கள். இத்தனை பேர் விட்ட இடைவெளியில் கடைசியாக பட்டனை அழுத்தியவர் அண்ணன். 'பி' என்ற பத்தியில் ப்ளஸ் 90 இருந்தது, அவரும் ப்ளஸ் 90 போட்டார். சொன்னதைச் செய்ததற்குப் பெயர் அலட்சியமா?

இதை ஒரு பக்கத்தில் எழுதினேன். எழுதுவதில் அண்ணனுக்கு இஷ்டமே இல்லை. "வேலை போயிரும் பாப்பா, ஊருக்கு வந்து நான் என்ன செய்ய" என்றார். ஊருக்கு வந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் சட்டம், பிரிவு என்றெல்லாம் எழுதவில்லை. இரண்டு கம்பிகளை எடுத்து, ஒன்றை அவர்கள் மெஷின் வழக்கப்படியும் ஒன்றை நம் மெஷின் வழக்கப்படியும் வளைத்து, இரண்டிலும் அதே அட்டவணையை ஒட்டி, கடிதத்தோடு அண்ணனே முதலாளி மேஜையில் வைத்தார். நான் பக்கத்து அறையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், காது மட்டும் அங்கே.

முதலாளி ரொம்ப நேரம் பேசவில்லை. கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "இது ரெண்டுக்கும் ஒரே நம்பரா?" என்றார். அட்டவணையைக் காட்டினார் அண்ணன். பிறகு போனை எடுத்து அந்தக் கம்பெனிக்குப் பேசினார். அரைமணி நேரம் சத்தம். டெபிட் நோட்டைத் திரும்பப் பெற மாட்டோம், பாதிக்கு ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள். 15,600-க்கு கிரெடிட் நோட் வந்தது. நான்தான் என்ட்ரி போட்டேன், கை கொஞ்சம் நடுங்கியது.

பிடித்தம் மொத்தமாகப் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. மீதி 15,600-இல் பாதி அண்ணன் தலையில் அப்படியே இருக்கிறது. 1,300 என்பது 650 ஆனது. "ஆபரேட்டரும் கேட்டிருக்கணும்ல" என்றார் முதலாளி. எனக்கு இன்னும் கோபம்தான். அண்ணனுக்குக் கோபம் இல்லை, பாதி குறைந்ததே லாபம் என்கிறார். இதில் நாங்கள் இருவரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

இப்போது பட்டறையின் ஜாப் கார்டில் புதிதாக ஒரு வரி அச்சாகி வருகிறது: 'சுழற்சி: கோலெட் பக்கமிருந்து / டை பக்கமிருந்து', ஒன்றை அடிக்க வேண்டும். எதுவும் அடிக்காமல் வருகிற அட்டவணைக்கு மெஷின் ஓட்டுவதில்லை. கோலெட்டின் மேல் அண்ணன் சிவப்புப் பெயின்டில் ஒரு அம்புக்குறி போட்டு ப்ளஸ் என்று எழுதியிருக்கிறார். போன வாரம் பேசும்போது, ஓசூரிலிருந்து ஒரு புது ஆர்டர் வந்திருப்பதாகவும், அதில் அந்த வரி காலியாக இருந்ததாகவும் சொன்னார். போன் போட்டுக் கேட்டாராம். எதிர்முனையில் இருந்தவர், "ப்ளஸ்ஸுன்னா ப்ளஸ்தாங்க, இதுல என்ன பக்கம்?" என்றாராம். படம் வரும்வரை குழாய் ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறது.